கைபடாத பக்கங்கள்

எழுபதுகளில், மெல்பேர்னில், கிளென் வேவர்லி ரயிலில் மாலைதோறும் என் எதிரே இருந்தவரின் பெயரை நான் கேட்டதில்லை. ஒட்ட வெட்டிய தலைமயிர், மடிப்புக் கலையாத காற்சட்டை. இலங்கையில் பொலிஸ்காரராக இருந்தவர் என்று மட்டும் சொல்லியிருந்தார். கையில் எப்போதும் ஒரு கௌபாய் நாவல் இருக்கும். புழுதி பறக்கும் சிற்றூர், அதைக் காக்கும் ஷெரீப், அவரைக் கொல்ல வரும் கூட்டம். படித்ததும் புத்தகத்தை எனக்குத் தந்துவிடுவார்.

பக்கங்களை எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். எட்டாவது புத்தகத்தில்தான் கவனித்தேன். எட்டிலும் கடைசிப் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் விரித்த தடமில்லாமல், கைபடாமல் இருந்தன. எனக்கு அது பொறுக்கவில்லை.

“அண்ணை, ஷெரீப் துவக்கை எடுத்தவுடன புத்தகத்தை மூடிப்போடுறியள். பயமோ?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “சுட்டுப்போட்டு அவன் தன்ர வீட்டை போய் எப்பிடிச் சோறு திண்டவன் எண்டு ஒருத்தரும் எழுதேல்லைத் தம்பி. எழுதினா அதைப் படிப்பன்.”

அவர் ஷெரீப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கியபோது அவர் இறங்கிவிட்டிருந்தார். மறுநாளிலிருந்து வேறு பெட்டியில் ஏறினார். என் சிரிப்பு இப்போதும் என்னை உறுத்துகிறது.

இப்போதெல்லாம் கௌபாய் நாவல் எது கிடைத்தாலும் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் பார்க்கிறேன். ஷெரீப் துவக்கை உறையில் போடுகிறார், ஊர் கைதட்டுகிறது, கதை முடிகிறது. இதுவரை அறுபத்துமூன்று புத்தகங்கள். அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை.