கை நனைக்காமல் வந்த வீடு

ஐந்து மாதக் கர்ப்பத்தில் எனக்கு முயல் கறி சாப்பிட வேண்டும் போலிருந்தது. அப்போது ஆரப்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த தோழியிடம் மதியச் சாப்பாட்டின்போது பேச்சுவாக்கில் சொன்னேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவள் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வா. எங்கம்மா வரச் சொல்லுச்சு. முயல் அடிக்குதாம் உனக்கு."

அவளுடைய ஊர் சோழவந்தானுக்குப் பக்கத்தில். அப்பா இல்லை. அம்மா வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்கு இலை கிள்ளித்தான் அவளை லேப் டெக்னீஷியன் படிப்பு வரை கொண்டுவந்திருந்தார். எங்களுக்கு நிலம் உண்டு. அவர்கள் தலைமுறை தலைமுறையாக எங்களைப் போன்றவர்களின் நிலத்தில் வேலை செய்தவர்கள். இதை நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுத்தோம். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வருவோம். ஆனால் சாப்பாட்டு வேளையில் என் டப்பாவிலிருந்து அவளுக்கு எடுத்து வைப்பேனே தவிர, அவளுடையதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்பேன். எனக்கே அது உண்மை போலத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் மாமியாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பூக்கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்.

"கூட வேலை பாக்குற புள்ள, கூப்பிட்டா போகத்தான் செய்யணும். போயிட்டு வா. கை நனைச்சிராத."

நானும் சரி என்று தலையாட்டினேன். அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள நான் பல வருடம் முயன்றதுண்டு. தோழியின் வீட்டுக்குள் அவர் வரவில்லை. என் தெருக்காரர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. நான் சாப்பிட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அந்த வீட்டின் பின்பக்கம் அடிகுழாய்க்கு அருகில் கம்பி வலை அடித்த கூண்டு இருந்தது. அதில் மூன்று முயல்கள் உட்கார்ந்து அகத்திக்கீரை கடித்துக்கொண்டிருந்தன.

"நாலு கெடந்துச்சு. இருக்கறதுல பெருசாப் பாத்து அடிச்சேன்," என்றார் அவள் அம்மா. "புள்ளத்தாச்சிக்கு எலும்பும் தோலுமாவா போட முடியும்? நீ உக்காரு தாயி."

அன்றைக்குக் கொடிக்காலுக்குப் போகாமல் இருந்திருக்கிறார். உள்ளே மிளகு வறுபடும் வாசம் வந்தது. சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயும் சேர்ந்து வதங்கும் வாசம் அதன் மேல் ஏறியது. எனக்கு வாயெல்லாம் நீர். புதிதாக வாங்கிய தட்டு போலிருந்தது, அடியில் ஸ்டிக்கரின் பசை கூடப் போகவில்லை. அதில் சோறு போட்டு, ஓரத்தில் கருகருவென்று எண்ணெய் மினுக்கும் கறியை வைத்து, என் முன்னால் தள்ளினார்.

"காரம் கம்மியாத்தான் போட்டுருக்கேன். பயப்படாம சாப்புடு."

தட்டைப் பார்த்தேன். கை எழவில்லை. இப்போது வரை அந்தக் கையைப் பற்றி எனக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. பசி இருந்தது, ஆசை இருந்தது. எதிரே இருந்த இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"என்னமோ வயித்தப் புரட்டுதும்மா. காலைல இருந்தே இப்படித்தான் இருக்கு."

அவர் பதறிப்போனார். தண்ணீர் கொண்டுவந்தார். "எங்கிட்ட இருக்கும்மா" என்று என் பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தேன். தோழி நிலைப்படியில் சாய்ந்து நின்று அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது அவள் அம்மா எவர்சில்வர் தூக்கு ஒன்றில் கறியைப் போட்டு மூடி என் கையில் கொடுத்தார்.

"மருமகனுக்காச்சும் குடு தாயி. வீணாப் போகவேணாம்."

வீட்டுக்கு வந்து சேரும்போது மணி மூன்று. கணவர் கடையில் இருந்தார். மாமியார் அவருடைய தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். தூக்கை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிடலாம் என்றுதான் சமையலறைக்கு எடுத்துப் போனேன். மூடியைத் திறந்தேன். பஸ்ஸின் வெக்கையில் கறி இன்னும் சூடு ஆறவில்லை.

ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். பிறகு இன்னொன்று. சின்க் பக்கத்தில் நின்றபடியே, சோறுகூட இல்லாமல், அத்தனையையும் தின்று தீர்த்தேன். எலும்பை உறிஞ்சினேன். தூக்கின் அடியில் ஒட்டியிருந்த மசாலாவை விரலால் வழித்து நக்கினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ருசியைச் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டு முடித்த பிறகுதான் அழுகை வந்தது. எலும்புகளைப் பேப்பரில் சுற்றித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை தூக்கை வெறுமனே தரக்கூடாது என்று நாலு லட்டு வைத்துக் கொண்டுபோனேன்.

"அண்ணன் சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டாரு. ரொம்ப நல்லா இருந்துச்சாம்."

அதன் பிறகு அவள் என்னோடு சாப்பிட உட்காருவது குறைந்தது. "நீ சாப்புடு, எனக்குச் சாம்பிள் கெடக்கு" என்பாள். நான் பிரசவத்துக்கு விடுப்பில் போனேன், திரும்பவில்லை. அவளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம்.

என் மகள் இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் உசிலம்பட்டி ரோட்டில் ஒரு பண்ணையிலிருந்து முயல் கறி வாங்கிவந்தார். நான் மிளகும் சீரகமும் மல்லியும் வறுத்து அரைத்தேன். சின்ன வெங்காயம் ஒரு படி உரித்தேன். அந்த வாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டே வதக்கினேன். கறி வறண்டு கட்டையாகிவிட்டது. கணவருக்கு அதுவே போதுமாக இருந்தது. மகள் ஒரு துண்டு கடித்துவிட்டுத் தயிர் கேட்டாள். நான் மொட்டைமாடிக்குப் போய்த் தோழியைப் போனில் கூப்பிட்டேன். இரண்டு நிமிடம் நலம் விசாரித்த பிறகு கேட்டேன்.

"உங்கம்மா முயல் கறி எப்படி வைக்கும்?"

"அதுல கொழுப்பே கெடையாதுல்ல. மஞ்சள், உப்பு போட்டு மூடி நல்லா வேக விடணும். தண்ணி வத்துனப்பறம் நல்லெண்ணெய ஊத்து. மிளகுப் பொடி எறக்கப் போறப்பத்தான்." நிறுத்திவிட்டு, "இதுக்கா கூப்பிட்ட?" என்றாள்.

"அன்னைக்கு எனக்கு வயித்த ஒண்ணும் புரட்டல."

"தெரியும்."

"தூக்குல குடுத்ததை அவரு சாப்பிடல. நான்தான் சாப்பிட்டேன். அம்புட்டையும்."

அது அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் பின்னால் பாத்திரம் விழும் ஓசை கேட்டது.

"அப்ப எங்க கறி எறங்குது. எங்ககூட உக்காந்து திங்கத்தான் எறங்கல."

"ஆமா," என்றேன்.

"அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். போனைக் குடுக்கிறியா?" என்று கேட்டேன். அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

"வேணாம். தன் சமையல்லதான் ஏதோ கோளாறுன்னு அது அப்ப ரெண்டு நாளாப் பொலம்புச்சு. புள்ளத்தாச்சிக்கு எதுவும் ஆயிருமோன்னு கோயிலுக்கெல்லாம் போயி வந்துச்சு. உனக்கு ஒத்துக்கலன்னுதான் இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கு. நான் எதையும் சொல்லல. நீயும் சொல்லிராத. உனக்கு மனசு லேசாகணுங்கறதுக்காக அதை ஏன் நோகடிக்கணும்?"

நான் யோசிக்காத ஒன்று அது. என் மன்னிப்பைக்கூட அவர்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாயேன்," என்றேன்.

"பாப்போம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் முயல் வாங்கச் சொன்னேன். அவள் சொன்னபடியே மூடி வேகவைத்து, மிளகைக் கடைசியில் தூவி இறக்கினேன். மாமியார் கேட்டார், யார் வருகிறார்கள் என்று. இன்னார் என்று சொன்னேன். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடப் போகிறோம் என்றும் சொன்னேன். அவர் பூக்கட்டுவதை விடாமல் கேட்டுக்கொண்டார். ஆறு தட்டுகளை எடுத்து வைத்தேன்.

மூன்று மணி வரை பார்த்தோம். அவர்கள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவள் காரணம் எதுவும் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை.