பெட்டி வண்டிக்கு டயர் வாங்கின கதை

அப்பாவுக்குப் பீங்கானைத் தெரியும், டயரைத் தெரியாது. இதை இன்றைக்குச் சொன்னாலும் கோபித்துக்கொள்வார். ஆனால் உண்மை அதுதான்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்து விற்கிற வீடு எங்களுடையது. நவராத்திரி நெருங்கினால் கொலு பொம்மைகளையும் ஊறுகாய் ஜாடிகளையும் ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போய், ரோட்டோரமாகக் கடை போட்டு, கொலு முடிகிற வரைக்கும் குடும்பத்தோடு அங்கேயே தங்கி விற்றுவிட்டு வருவோம். அதற்காகவே அப்பா ஒரு டிரெய்லர் செய்து வைத்திருந்தார். ஜீப்புக்குப் பின்னால் கோத்து இழுக்கிற இரண்டு சக்கரப் பெட்டி. உள்ளே சுவரோரம் தட்டுகள், நடுவில் வைக்கோல். கடை, கிடங்கு, படுக்கை அறை எல்லாம் அதுதான். தெருவில் அதைப் பெட்டி வண்டி என்பார்கள். வண்டி ஓடும்போது அந்த வைக்கோலில் படுத்துத் தூங்குவது எனக்கு மட்டுமே உள்ள உரிமை. அப்படி ஆளை ஏற்றக்கூடாது என்று சட்டம் இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அல்லது தெரிந்த மாதிரி யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வருஷம் வேப்பூர் தாண்டி ஹைவேயில் ஏறியதும் பெட்டி வண்டியின் இடது டயர் வெடித்தது. பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்து ரோட்டில் உரசிக்கொண்டே இழுபட்டது. அன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு வாந்தி. அதனால் முன்னால் ஜீப்பில் அம்மா மடியில் கிடந்தேன். இறங்கிப் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே பொம்மை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நான் படுக்கிற இடத்தில் பலகை பிய்ந்துபோய், அந்த ஓட்டை வழியாகத் தார் ரோடு தெரிந்தது. தசாவதாரம் செட்டு மொத்தமும் போய்விட்டதே என்று நான் அழுதேன். அம்மா அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா யாரையும் பார்க்கவில்லை.

வெடித்த டயர் அப்பா தேடிப் பிடித்து வாங்கியது. யாரோ தங்கள் காருக்கென்று வாங்கி, மாட்டாமலே பல வருஷம் கொட்டகையில் போட்டு வைத்திருந்த ஜோடி. ரோட்டில் பதிகிற பட்டன் துளிகூடத் தேயவில்லை. ஓடாத டயர், அப்போ புதுசுதானே என்று அப்பா கணக்குப் போட்டார். பீங்கான்காரர்களின் கணக்கு அது. தட்டில் வைத்த ஜாடி எத்தனை வருஷம் இருந்தாலும், இறக்கித் துடைத்தால் புது ஜாடிதான். சந்தேகம் வந்தால் விரலால் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் நல்லது, சத்தம் செத்திருந்தால் விரிசல். அப்பா அந்த டயரையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார். அதில் அவர் காதில் என்ன விழுந்ததோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

அடுத்த நவராத்திரிக்கு முன்னால் அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"வண்டி எங்க வேணா போவட்டும். புள்ள அதுல ஏறாது."

"நல்ல டயரு போட்டுட்டா?"

"மொதல்ல போடுங்க. பாக்கலாம்."

அந்தப் பாக்கலாமைப் பிடித்துக்கொண்டு நானும் அப்பாவும் கிளம்பினோம். லாரி ஓட்டுகிற பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், கூட வந்தார். ரப்பர் சும்மா கிடந்தாலே கிழடாகிவிடும், காருக்குப் போடுகிறது பாரம் தாங்காது என்றெல்லாம் வழி நெடுக அப்பாவுக்குப் பாடம் நடந்தது. டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று அதில் தெரியும் என்றார். அப்பா நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

கடையில் அப்பா படுத்தின பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு டயரையும் வெயிலில் உருட்டி வரச் சொல்லி, அந்த நாலு எண்ணைப் படித்து, எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு, முடி அளவு வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தார். கடைக்காரர் வியர்த்துப்போனார்.

"இன்னா சார், டயரு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணு பாத்தப்பகூட நான் இவ்ளோ பாக்கல," என்றார் அப்பா.

"அது எங்க வூட்டு பொண்ணு மாப்ள. பாக்க என்னா இருக்குது?" என்றார் மாமா.

கடைசியில் பாரவண்டிக்கென்றே செய்த டயர்களாக, ஒரே மாதத்தில் செய்த ஜோடி ஒன்றும், அவசரத்துக்கு மாற்ற இன்னொன்றும் தேறின. காசு கொடுப்பதற்கு முன்னால், பழக்கதோஷம், அப்பா மூன்றையும் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிளம்புகிற அன்று டயர் பெருமையைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார் அப்பா. வழியனுப்ப மாமாவும் வந்திருந்தார். அம்மா பெட்டி வண்டியைச் சுற்றி வந்தாள். டயரைக் கையால் தடவினாள், புதுப் பலகையை அழுத்திப் பார்த்தாள். நான் அதற்குள் தலையணையோடு வைக்கோலில் ஏறிப் படுத்துவிட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"சரி. ஏறினது ஏறிடிச்சி, படுத்துக்கட்டும்."

நான் ஜெயித்துவிட்டேன். அப்பாதான் கதவை மூடவில்லை. கதவைப் பிடித்தபடி, நான் படுத்திருந்த புதுப் பலகையைப் பார்த்தார்.

"வாணாம். எறங்கி முன்னாடி வா."

மாமாவுக்கு வந்ததே கோபம். "கடையில கெடந்த டயர எல்லாம் பொரட்டிப் போட்டு எடுத்துட்டு வந்து, இப்ப வாணாம்னா இன்னா மாப்ள அர்த்தம்? டயருல எதாச்சும் கொறையா?"

"டயரு நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம்?"

அப்பா என்னைத் தூக்கி இறக்கினார். தலையணையை எடுத்துக்கொண்டு போய் ஜீப்பின் முன்சீட்டில் போட்டார். நான் சேத்தியாத்தோப்புக்கே கேட்கிற மாதிரி அழுதேன். திருச்சி வரைக்கும் வண்டி குலுங்காமல் போனது. ஒரு பொம்மைக்குக் கீறல் இல்லை. அப்படியும் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் எல்லாம் அப்பா பின்னால் போய் டயர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கடைக்காரர் ஏமாற்றி மட்டமான டயரைத் தலையில் கட்டிவிட்டார், மாமா எதிரில் அதைச் சொல்ல அப்பாவுக்கு வெட்கம். ஸ்கூலுக்குப் போகிற வழியில்தான் அந்தக் கடை. "இன்னா பாப்பா, டயரு எப்பிடி ஓடுது?" என்று பாவம் அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே கேட்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அப்பா பயந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வயதில் அப்பாக்களுக்குப் பயம் வரும் என்றே எனக்குத் தெரியாது.