கேரியரோடு வந்த அக்கா

எங்கள் தொழிற்சாலையில், தீப்பிடித்தால் எல்லோரும் வந்து கூட வேண்டிய வேப்பமரத்தடியில், வலைக்கதவு போட்ட இரும்பு அலமாரி ஒன்று நிற்கிறது. அதன் மேல்தட்டில் பிடி கோணிய டிபன் கேரியர் ஒன்று இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆங்கில வினைச்சொல் நினைவுக்கு வரும்.

கும்மிடிப்பூண்டியில் பாதுகாப்புப் பொறியாளராக நான் சேர்ந்த புதிது. தீ ஒத்திகைக்கான விதிகள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்தன. மூன்றாவது விதி, 'டோன்ட் என்கம்பர் யுவர்செல்ஃப்'. ஒவ்வொரு உற்பத்தி லைனிலும் ஒருவர் இவற்றை விளக்கி, எல்லோரையும் வெறுங்கையோடு வெளியே கூட்டி வர வேண்டும். எங்கள் லைனில் அந்தப் பொறுப்பு ஊத்துக்கோட்டையிலிருந்து வரும் அக்காவுக்கு. பல வருடங்களாக ஆபரேட்டராகவே இருந்தவர். ஒத்திகை ஒழுங்காக நடந்தால் லைன் லீடர் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

"இன்னாம்மா இது, என்கம்பரு?" என்று கேட்டார். வழக்கம்போல் வரிசை போட்டுச் சொன்னேன். ஒன்று, வழியில் நிற்கும் தள்ளுவண்டி தடை. இது அதுவல்ல, நடப்பவர் மேலேயே ஏறிக்கொள்ளும் சுமை. இரண்டு, சுமந்தவரால் நடக்க முடியும். மூன்று, ஆனால் தன் வேகத்தில் நடக்க முடியாது.

"எங்க நாத்தனார் மாதிரின்னு சொல்லு."

அன்றிலிருந்து அந்தச் சொல் அவருடைய செல்லப்பிள்ளை. கம்பெனி பஸ்ஸில் யாராவது அவர் மடியில் பையை வைத்தால், "என்ன என்கம்பர் பண்ணாதடி" என்பார். நகையெல்லாம் மாட்டிய தன் கல்யாணப் படத்தைக் காட்டி, "ஃபுல்லா என்கம்பர்ட்" என்பார். ஒரு முறைகூடத் தவறாகப் பயன்படுத்தியதில்லை.

ஒத்திகை நாளில் சைரன் ஒலித்ததும் எங்கள் லைன் பெண்கள் கையை வீசிக்கொண்டு வந்தார்கள். மேனேஜர் முகம் மலர்ந்தது. கடைசியில், வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்த, மீஞ்சூரிலிருந்து வரும் புதுப்பெண். அவளுக்குப் பின்னால் அக்கா. அக்காவின் கையில் டிபன் கேரியர். குழம்பு வழிந்து சீருடை முழுக்க மஞ்சள்.

புதுப்பெண் நிஜமாகவே தீ என்று நம்பிவிட்டாள். வாசல் வரை வந்தவள் கேரியருக்காகத் திரும்பி ஓடியிருக்கிறாள். "எங்கம்மா செஞ்ச நண்டுக் கொழம்புக்கா, எரிஞ்சிப் போயிடும்" என்று அழுதவளோடு வாதாட நேரமில்லை. பிடி கோணிப்போகும்படி அதைப் பிடுங்கிக்கொண்டு, அவளை முன்னால் தள்ளியிருக்கிறார் அக்கா. கீழே வைக்கத்தான் மறந்துவிட்டார்.

லைன் லீடர் பதவி போயிற்று என்றே நினைத்தேன். "வாட் இஸ் திஸ்?" என்றார் மேனேஜர்.

அக்கா மூச்சு வாங்கியபடி புதுப்பெண்ணைக் காட்டினார். "சார், ஷீ இஸ் ஃப்ரீ." பிறகு கேரியரை உயர்த்தினார். "ஐ யாம் என்கம்பர்ட்."

மேனேஜர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "லைன நீங்களே பாத்துக்கோங்கம்மா. அடுத்த தடவ ஆளுங்களுக்கு முன்னாடி கொழம்பு வெளிய இருக்கணும்."

அந்த வாரமே அலமாரி வந்தது. காலையில் உள்ளே நுழையுமுன் எல்லோரும் சாப்பாட்டை அதில் வைத்துவிடுகிறார்கள். வேறு எந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பட்டியலிலும் இப்படி ஓர் இனம் இருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

சென்ற மாதமும் ஒத்திகை நடந்தது. லைன் லீடர் அக்கா கடைசி ஆளாக, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு வந்தார். தலைகளை எண்ணி முடித்தார். நேராக அலமாரிக்குப் போய், அந்தக் கோணல் பிடியைத் தொட்டபடி, இப்போது புதியவளல்லாத அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு இன்னா கொழம்புடி?"