வீட்டுக்காரர் பெயர்

முட்டைப் பண்ணையின் இருட்டறையில் பதினொரு வருஷமாக ஒவ்வொரு முட்டையாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. அதனால் டார்ச்சம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். மயிரிழை விரிசலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. எது எப்போது உடையுமோ என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பயந்த சுபாவம். ஆனால் இந்தத் தடவை அவள் பயந்ததில் நியாயம் இருந்தது.

தீவனக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அவளும், பால் டேங்கர் ஓட்டும் கணவனும், இரண்டு பெண்களும் ஒன்பது வருஷமாக அங்கேதான் குடியிருந்தார்கள். கடைக்காரர்தான் ஓனர். ஏரியைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமே என்று யாரோ புண்ணியவான் அவர் காதில் ஓதிவிட்டான். மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். வாயால் சொன்னதுதான், ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். அந்த வட்டாரத்தில் வேறு வாடகை வீடு கிடையாது. டவுனுக்குப் போனால் விடிகாலை ஷிப்டுக்கு வர பஸ் கிடையாது. வீடு போனால் கூடவே வேலையும் போகும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கென்று குறைந்த வாடகையில் இருபத்து நான்கு வீடுகள் கட்டியிருந்தார்கள். மனுப் போட்டிருந்தாள். விசாரிக்க வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து ஒருத்தர் வந்தார். நாற்காலியை இரண்டு தரம் துடைத்துப் போட்டாள். அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னாள்.

"வீட்டுக்காரர் பேரு?"

கணவனின் பெயரைச் சொன்னாள்.

"இங்கயேதான் இருக்காரா?"

"வேற எங்க சார் போவாரு? டேங்கரை விட்டா வீடு, வீட்டை விட்டா டேங்கர்."

அவரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். நம் மொழி பொல்லாதது. ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லாதவனையும் கல்யாணமான மறுநாளே வீட்டுக்காரர் ஆக்கிவிடும்.

திங்கட்கிழமை அலுவலக வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். நிராகரித்த மனுக்களில் அவளுடையதும் இருந்தது. காரணம்: சொந்த வீடு உள்ளது. மூன்று தரம் படித்தாள். யார் வீடு, எந்த வீடு என்று யோசித்தவளுக்கு விசாரிக்க வந்தவர் கேட்ட அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. அங்கேயே நின்று கணவனுக்கு போன் போட்டாள்.

"என்னங்க, உங்களை வீட்டுக்காரர்னு சொல்லிட்டேன்."

"அதுல என்ன தப்பு?"

"அதுதாங்க தப்பு."

கவுண்டரில் இருந்த பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள். "மாத்திடலாம்மா. நீங்க வாடகைக்கு இருக்கீங்க, காலி பண்ணச் சொல்லியாச்சுன்னு நிஜ ஓனர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்."

ஓனருக்குக் காகிதம் என்றாலே ஆகாது. ஒன்பது வருஷத்தில் ஒரு ரசீது தந்ததில்லை. கேட்கப் போய் இன்றைக்கே கிளம்பு என்றுவிட்டால்? மூன்று நாள் கடை வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினாள். இருட்டறையில் விரிசல் விட்ட முட்டைகள் அவள் கையைத் தாண்டிப் போயின. "உடம்புக்கு முடியலையா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். பயத்தை உடம்பில் எந்த இடம் என்று காட்டுவது?

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, வேறு வழியில்லாமல், கடைக்குள் நுழைந்தாள். ஓனர் ஒரு மூட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினார். வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"இதென்ன கூத்து? காலி பண்ணுன்னா மத்தவங்க சண்டைக்கு வருவாங்க. நீ அதை எழுதிக் குடுன்னு வந்து நிக்கறே."

"எழுத்துல இருந்தாத்தான் அந்த வீடு கிடைக்கும்ணே."

யோசித்தார். கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது. தன் காரியத்தில் கண்ணாக இருப்பவர், அவ்வளவுதான். எழுதி அவளிடம் நீட்டினார். மாசக் கடைசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. காகிதத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது.

"பெயிண்டர் திங்கக்கிழமை வரேன்னுட்டான். எழுத்துல போடறதுன்னா சரியாப் போட்டுடுவோம். சம்மதம்னு கீழ நீயும் கையெழுத்துப் போடு."

தேதியை விரலால் தொட்டுக் காட்டினாள். "இன்னும் ரெண்டு நாள்தானேண்ணே இருக்கு."

"வேணாம்னா குடு, கிழிச்சிடறேன். நீ கேக்கலை, நான் எழுதலை."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. பெண்கள் இரண்டும் இந்நேரம் பள்ளிவிட்டு வந்து கதவைத் திறந்துகொண்டிருக்கும். கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து அவளுடையது மாதிரியே இல்லை.

ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது. கவுண்டர் பெண் படித்துப் பார்த்து, முத்திரை குத்தி, முதல் தடவையாகச் சிரித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கும்மா, பயப்படாதீங்க. மூணு வாரத்துல முடிவு வீட்டுக்கே தபால்ல வரும். ஆள் இல்லேன்னு திரும்பி வந்துட்டா மட்டும் அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவோம். எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும்?"

பேனாவோடு காத்திருந்தாள். டார்ச்சம்மா இந்தத் தடவை முந்திக்கொள்ளவில்லை. தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று நிதானமாக யோசித்தாள். சொல்வதற்கு ஒரு இடமும் இல்லை.