ஆரஞ்சுத் தட்டு

அந்தச் சீனத் தம்பதி என் மகளைப் பெண் கேட்டுத்தான் பழத்தட்டோடு வந்திருக்கிறார்கள் என்று நம்பினேன். பார்சிப்பனி என்ற அமெரிக்க ஊரில், ஒரு பள்ளிக்கூட அரங்கில், நடன நிகழ்ச்சியின் இடைவேளையில், ஐம்பத்திரண்டு வயதில், ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

மகளுக்குப் பதினாறு வயது. எட்டு வருடம் பரதநாட்டியம் கற்றாள். அரங்கேற்றத்துக்கு நான் ஹால் தேடிக்கொண்டிருந்தபோது அதை நிறுத்திவிட்டு, பள்ளித் தோழிகளோடு சீனச் செவ்வியல் நடனம் கற்கப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தை வழக்கம்போல ஜோக்காக மாற்றினேன். சாப்பாட்டு மேஜையில் ஸ்வெட்டர் கையை இழுத்துத் தொங்கவிட்டு, அவர்கள் ஆடுவதுபோல வீசிக் காட்டினேன்.

"ரசத்துல முக்காம ஆடுங்க" என்றாள் மனைவி.

மகள் சிரிக்கவில்லை. "யூ ஜோக் அபௌட் எவ்ரிதிங், அப்பா. ஒரே ஒரு தடவை, ஜஸ்ட் வாட்ச் மீ. முழுசா. அப்புறம் என்ன வேணா சொல்லுங்க."

சரி என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

என்ன கதை என்று விசாரித்தேன். "லவ் ஸ்டோரி" என்றாள். அதில் நீ யார் என்று கேட்கத் தோன்றவில்லை. காதல் கதையில் என் மகள் இருந்தால் காதலியாகத்தானே இருப்பாள்? காதலனாக ஆடுகிற பையனையும் பார்த்திருந்தேன். ஒத்திகை முடிந்து என் மனைவியின் காரில்தான் வீடு போவான். ஒருநாள் காரில் மறந்துவிட்ட கையுறையை வாங்க வந்தவன், வாசலிலேயே குனிந்து, "ஹலோ அங்கிள்" என்றான். சீனத்துப் பையன் என்னை எதற்கு அங்கிள் என்கிறான்? அன்றோடு என் நிம்மதி போனது.

நிகழ்ச்சியன்று மனைவி மேடைக்குப் பின்னால் ஹேர்பின் குத்தும் வேலைக்குப் போய்விட்டாள். போகிறபோது, "பையனோட அப்பா அம்மா உங்க பக்கத்து சீட். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள்.

"அவங்க ஏன் என் பக்கத்துல?"

"டிக்கெட் ஒண்ணா புக் பண்ணேன். அதுக்கும் விசாரணையா?"

மைக்கில் கதையைச் சொல்லிவிட்டுத் திரையை விலக்கினார்கள். வானுலகில் துணி நெய்கிற தேவதைப் பெண், பூமியில் மாடு மேய்க்கிறவன். காதலித்துக் கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். மேலிடத்துக்குத் தெரிந்ததும் நடுவே நட்சத்திரங்களால் ஓர் ஆறு; ஆளுக்கொரு கரை. வருடத்தில் ஒரே ஒரு நாள் பறவைகள் கூடிப் பாலமாக நிற்க, அதன்மேல் நடந்து இருவரும் சந்திப்பார்கள். விசா ஸ்டாம்பிங்குக்கு ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டவன் கதை என்று கிண்டலடிக்கப் பக்கத்தில் ஆள் தேடினேன். பக்கத்தில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

நெசவுக்காரி முகமெல்லாம் வெள்ளைப் பூச்சோடு வந்தாள். கையைவிட இரண்டு மடங்கு நீளமான பட்டுச் சட்டைக் கை. அதை அவள் வீசியபோது தண்ணீரை அள்ளி எறிந்ததுபோல இருந்ததாகப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். நான் அதையா பார்த்தேன்? பையனின் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டு அவன் தோளில் விழுந்தது. நான் பல்லைக் கடித்தேன்.

இடைவேளையில் விளக்கு எரிந்ததும் பையனின் அம்மா பையிலிருந்து வட்டமான ஒரு சிவப்புத் தட்டை எடுத்தார். ஆரஞ்சுகள், சிவப்புக் காகிதம் சுற்றிய மிட்டாய்கள், கொட்டைகள். வெற்றிலை பாக்கு மட்டும்தான் குறை. இருவரும் எழுந்து நின்று, தட்டை நான்கு கைகளால் பிடித்து, சிரித்தபடி என்னிடம் நீட்டினார்கள்.

நம் வழக்கத்தில் இரு வீட்டாரும் எதிரெதிரே நின்று தட்டு மாற்றிக்கொண்டால் நிச்சயம் முடிந்தது. என் இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

அந்தக் கைகளை எனக்குத் தெரியும். ஈரோட்டில், என் நிச்சயதார்த்தத்தில், வேறு சாதிப் பெண் என்பதற்காக என் அப்பா இப்படித்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் மாமாதான் தட்டை வாங்கினார். இருபத்துமூன்று வருடமாக, போகிற பார்ட்டியிலெல்லாம் அப்பா நின்ற மாதிரி நின்று காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"நோ, நோ! ஷி இஸ் ஒன்லி சிக்ஸ்டீன்!" என்றேன்.

பையனின் அப்பா குழம்பி, தன் மனைவியைப் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சொன்னார்: "யெஸ். மை சன் ஆல்சோ சிக்ஸ்டீன்."

வயதுப் பொருத்தம் வரை பார்த்துவிட்டார்கள்! ரெஸ்ட்ரூம் என்று முனகிவிட்டு வெளியே ஓடினேன்.

லாபியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மனைவி போனை எடுக்கவில்லை. மகள்மேல் கோபம், பையன்மேல் கோபம், ஆரஞ்சைப் படைத்தவன்மேல் கோபம். போய்ச் சேர்ந்துவிட்ட அப்பாமேலும் கோபம், அவர் கையை எனக்கு விட்டுப்போனதற்கு. மணி அடித்தது. உள்ளே போனால் தட்டு இருக்கும். போகவில்லை. வியர்வைக்கு விசிறிக்கொள்ள, அதுவரை பிரிக்காத நிகழ்ச்சித் தாளைப் பையிலிருந்து எடுத்தேன்.

நெசவுக்காரி: யாரோ ஒரு சீனப் பெண்ணின் பெயர். என் மகள் பெயர் கடைசிப் பகுதியில், பொடி எழுத்தில், பாலமாக நிற்கும் பதினாறு பறவைகளில் ஐந்தாவதாக இருந்தது.

உள்ளே மேளம் தொடங்கியது. கதவுக்கு ஓடினேன். அங்கே காவல் நின்ற வெள்ளைக்காரக் கிழவி கையை நீட்டி மறித்தார். காட்சி நடக்கும்போது திறக்க மாட்டார்களாம்.

"மை டாட்டர் இஸ் இன் தி பிரிட்ஜ்!" என்று கத்தினேன்.

"எவ்ரி ஒன் ஆஃப் தெம் இஸ் சம்படிஸ் டாட்டர், சார்" என்றார். நல்ல பதில். அதைக் கேட்டு வந்த கோபத்தில் நிகழ்ச்சித் தாளைக் கசக்கினேன். உள்ளே கைதட்டல் நெடுநேரம் கேட்டது.

கதவு திறந்ததும் முதலில் வந்தவர் பையனின் அப்பா. கையில் அதே தட்டு. குளிர்காலம் முழுக்கத் தனக்கும் மனைவிக்கும் மாலை ஷிப்ட் என்றும், என் மனைவிதான் பையனைத் தினமும் வீட்டில் விட்டாள் என்றும், அதற்கு நன்றி சொல்லக் கொண்டுவந்தது என்றும் மெதுவாகச் சொன்னார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். சாரி என்றேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்காது.

மகள் கறுப்பு வெள்ளை இறகுகளோடு ஓடி வந்தாள். தோளில் செருப்பில்லாத பாதம் அழுத்திய சிவப்பு.

"என் மேலதான் ஃபர்ஸ்ட் ஸ்டெப் வெச்சாங்க, அப்பா. ஐ டிடின்ட் ஷேக். அட் ஆல். பாத்தீங்களா?"

தட்டில் ஆரஞ்சுகள் உருண்டன. ஒரு ஜோக்கும் வரவில்லை.

பாலம் நான்கு நிமிடம் நின்றதாம். நான் பார்க்கவில்லை. அவளிடம் அங்கேயே அப்படித்தான் சொன்னேன்.