ஜோர்டானில் இருக்கிற ஓனரம்மா

சங்கரன்கோவில் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து இறங்கியபோது சித்ராதேவிக்கு வயது பதினெட்டு. பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் வேலையில் ஆரம்பித்து, ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து, லைன் சூப்பர்வைசராக எழுந்தாள். அதற்குள் இருபது வருஷம் ஓடியிருந்தது. ஒன்பது வாடகை வீடுகள் மாறியிருந்தாள். ஊரிலிருந்து அம்மா வந்து நாலு நாள் தங்கியதற்காக ஒரு வீட்டில் காலி பண்ணச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும்போதே மோட்டாரை நிறுத்தினார்கள். தலையில் சீயக்காயோடு வாளியின் அடியைச் சுரண்டிக்கொண்டு நின்றதை அவள் மறந்ததே இல்லை. கல்யாணம் முறிந்து தனியாக நின்றபோது, “தனிப் பொம்பளைக்கு ஊடு குடுக்கறதில்லீங்க” என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

அதனால், ஜோர்டானில் ஒரு துணித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்துப் போனதும், அவள் மனதில் இருந்தது ஒன்றுதான். திருப்பூரில் ஒரு வீடு வாங்க வேண்டும்.

வீட்டைக் கண்டுபிடித்தது ரோஸ்மேரி. பதினோரு வருஷம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவள், நாங்குநேரிக்காரி. புருஷன் இல்லை, ஒரு பெண் பிள்ளை.

“ஏட்டி, அனுப்பர்பாளையத்துல ஒரு லைன் வீடு வெலைக்கு வருது. வரிசையா ஆறு வீடு. பின்னால பாத்திரப் பட்டறை, தட்டுத சத்தம் கொஞ்சம் கேக்கும். இரி, போன்ல காட்டுதேன்.”

ரோஸ்மேரி குழாயைத் திறந்து காட்டினாள். சுவரைத் தட்டிக் காட்டினாள். மொட்டை மாடியில் ஏறி நாலு பக்கமும் போனைத் திருப்பினாள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், பெண்கள் விடுதியின் ஈரடுக்குக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சித்ராதேவி தன் முதல் வீட்டைப் பார்த்தாள். நகையை விற்று, பாக்கிக்குக் கடன் போட்டாள். பவர் எழுதிக் கொடுத்து, தம்பி இசக்கிமுத்து மூலமாகப் பத்திரம் முடித்தாள். இசக்கிமுத்துவைத் திருப்பூருக்குக் கூட்டி வந்து அயர்னிங்கில் சேர்த்துவிட்டதே அவள்தான். அப்பா செத்த பிறகு அவனுக்கு எல்லாமே அக்காதான்.

முதல் வீட்டை ரோஸ்மேரிக்குக் கொடுக்கச் சொன்னாள். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும் என்றாள். விருந்தாளி வந்தால் ஒன்றும் சொல்லக்கூடாது என்றாள். “சரிக்கா, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்” என்றான் இசக்கிமுத்து.

பார்த்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று காலையில் அவள் கூப்பிட்டதும் வீட்டைக் காட்டுவான். இளம்பச்சை அடித்த வெளிச்சுவர், கேட், வரிசையாகச் சாத்திய ஆறு கதவுகள். எல்லோரும் வேலைக்குப் போன நேரம் என்பதால் ஆள் நடமாட்டம் இருக்காது. கூட வேலை செய்த இலங்கைப் பெண்களிடம் அவள் போனைக் கொடுத்துக் காட்டுவாள். அவர்கள் “அக்கா, மாளிகை மாதிரி” என்று சிரிப்பார்கள்.

மூன்றாவது வருஷம் ரோஸ்மேரிக்கு முதுகுத் தண்டில் ஜவ்வு விலகியது. மிஷினில் உட்கார முடியவில்லை. மூன்று மாசம் வாடகை நின்றது.

“யக்கா, ஒருத்திக்கு விட்டா மத்த அஞ்சு வீட்டுக்காரனும் தர மாட்டான். நீ சொல்லு, என்ன செய்ய?” என்று இசக்கிமுத்து போன் செய்தபோது, தொழிற்சாலையில் சரக்கு ஏற்றுமதியாகும் வாரம். ஒரு பெட்டி முழுக்கக் கழுத்துப் பட்டி கோணலாக இருந்து திரும்பி வந்திருந்தது.

“நீயே பாத்து ஏதாவது பண்ணு. எங்கிட்ட கேக்காத” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் ரோஸ்மேரி மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளே தவிர, எடுக்கவில்லை. எடுத்தால் வாடகைக்குத் தவணை கேட்பாள், இல்லையென்று சொல்ல வாய் வராது. பிறகு பேசிக்கொள்ளலாம் என்றிருந்தாள். ஒரு மாசம் கழித்து, “அவியளே காலி பண்ணிட்டுப் போயிட்டாவக்கா” என்றான் தம்பி. சித்ராதேவிக்கு மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவன் கேட்டையும் வெளிச்சுவரையும் மட்டும் காட்டினான்.

போன ஆவணியில் திடீரென்று லீவு கிடைத்தது. யாருக்கும் சொல்லாமல் வந்தாள். கோயம்புத்தூரில் இறங்கி, திருப்பூருக்குப் பஸ் ஏறி, பெட்டியோடு நேராக ஆட்டோ பிடித்து அனுப்பர்பாளையம் போனாள்.

கேட்டைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் மூக்கில் அடித்தது. கழிப்பறை வாசலில் தண்ணீர் தேங்கி நின்றது. குழாயடியில் காலிக் குடங்களுக்கு நடுவே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடத்துக்குளத்துப் பக்கம் விவசாயக் கூலி வேலை இல்லாமல் போய், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்த மயிலாள் அவள்.

“ஏனுங், ஊடு பாக்க வந்தீங்களா? வேற எங்காச்சும் பாருங்க கண்ணு. இங்க வேண்டாம்” என்றாள் மயிலாள்.

“ஏன்?”

“தண்ணி காத்தால அரை மணி நேரந்தானுங்க. ஒறம்பரை, சொந்தபந்தம்னு யாரு வந்தாலும் ஒரு நாள் தங்க உடமாட்டாங்க. அந்தா, மூணாவது ஊட்ல பன்னெண்டு வடக்கத்திப் பசங்க. ஆறு பேர் வேலைக்குப் போனா ஆறு பேர் படுத்துக்குவாங்க. கக்கூஸ் ரெண்டுதான். கேட்டா, ஓனரம்மா உத்தரவுங்கறாங்க.”

“ஓனரம்மாவைப் பாத்திருக்கீங்களா?”

“எங்க பாக்கறது? ஜோர்டான்ல இருக்குதாமா. கல்நெஞ்சுக்காரிங்க. மொத ஊட்ல ரோஸ்மேரின்னு ஒரு பொம்பளை, நடக்கவே மாட்டாம படுத்திருந்துச்சு. வாடகை குடுக்கலைன்னு கதவைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. நாலு நாள் சேலையைக் கட்டித் தொங்க உட்டுட்டு, வயசுப் புள்ளையை வெச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. ‘அக்கா சொல்லிட்டா, எங்கையில ஒண்ணுமில்ல’ன்னு அந்தத் தம்பி சொல்லிப்போட்டான்.”

சித்ராதேவியால் தன் பெயரைச் சொல்ல முடியவில்லை. “சரிங்க” என்று பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பட்டறையில் பாத்திரம் தட்டும் சத்தம் தலைக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது.

இசக்கிமுத்து மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்துத்தான் அவன் வீட்டுக்குப் போனாள். அவன் கேட்கவில்லை.

“கதவக் கழட்டுன்னு நான் சொன்னேனாலே?”

“ஏதாவது பண்ணு, எங்கிட்ட கேக்காதன்னு சொன்னேல்லா? பண்ணினேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போன் போடுத. தவணை கட்டியாச்சா, வீட்டக் காட்டு, சொவரக் காட்டுன்னு கேக்குத. ஒரு நாளாவது, குடியிருக்கவியளக் காட்டுன்னு கேட்டிருக்கியா?”

மூன்றாவது வீட்டில் பன்னிரண்டு பேர் கொடுத்த வாடகை எங்கே போனது என்று கேட்க வாயெடுத்தாள். வாசலில் நின்ற புது வண்டியைப் பார்த்ததும் கேட்காமல் விட்டுவிட்டாள். சாவிக்கொத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. அம்மா ஊரிலிருந்து போன் செய்து, “தம்பி வீட்டுச் சோத்துல மண்ணப் போட்டுட்டியே” என்று அழுதாள்.

ரோஸ்மேரி மங்கலம் ரோட்டில் ஒரு தகர ஷெட் வீட்டில் இருந்தாள். இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு, வீட்டிலேயே பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். சித்ராதேவியைப் பார்த்ததும் கத்திரியைக் கீழே வைத்தாள்.

“வாங்க. உள்ள வாங்க. உக்காருங்க.”

“ஏட்டி, என்னையப் போயி வாங்க போங்கன்னு...”

“தண்ணி குடிக்கீங்களா?” என்றாள் ரோஸ்மேரி. கோபமே இல்லாத குரல். கம்பெனியில் முதலாளி வீட்டு ஆட்களிடம் பேசுகிற குரல்.

“எனக்குத் தெரியாது ரோசு. சத்தியமாத் தெரியாது.”

“மூணு மட்டம் போன் போட்டேன்.”

“பாத்தேன்.”

“வாடகைக்கு நேரம் கேக்கத்தான் கூப்பிடுதேன்னு நெனச்சிருப்பீங்க. அதுக்கில்ல. காலி பண்ணிருதேன், வேற வீடு பாத்துப் போகுத வரைக்கும் அந்த ஒத்தக் கதவ மட்டும் மாட்டச் சொல்லுங்கன்னு கேக்கத்தான் போட்டேன்.”

முதல் வீட்டுக்குத் திரும்பி வரச் சொன்னாள் சித்ராதேவி. வாடகையே வேண்டாம் என்றாள். ரோஸ்மேரி வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தாள். மகள் வேலையிலிருந்து வரும் நேரம், அவள் பார்த்தால் ஏதாவது பேசிவிடுவாள் என்று தணிந்த குரலில் சொன்னாள். கொண்டு போன பேரீச்சம்பழப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு சித்ராதேவி நடந்தாள்.

மீதியிருந்த லீவில் வீட்டைச் சரி செய்தாள். சாக்கடை அள்ளினார்கள், முதல் வீட்டுக்குக் கதவு மாட்டினார்கள், மோட்டாருக்கு நேரம் வைத்தார்கள். மூன்றாவது வீட்டில் நாலு பேர்தான் இருக்கலாம் என்று சொன்னாள். மீதி எட்டுப் பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே நின்றார்கள். அதில் ஒருவன் தெரிந்த தமிழில், “அக்கா, எங்கே போறது?” என்று கேட்டான். சாயங்காலம் பார்த்தபோது அவர்கள் அங்கே இல்லை.

திருப்பூர்க்காரனான சதீஷ்குமார் என்ற புரோக்கரிடம், காலியாக இருந்த முதல் வீட்டுக்கு ஆள் பார்க்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஜோர்டான் திரும்பினாள். இந்த முறை வெள்ளிக்கிழமைகளில் மயிலாளைக் கூப்பிட்டாள். தண்ணீர் வருகிறதா, கழிப்பறை சுத்தமா என்று கேட்பாள். யாரிடம் அன்று அப்படிப் பேசினோம் என்று மயிலாளுக்கு இப்போது தெரிந்திருந்தது. “எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, ஓனரம்மா” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா, பயத்தில் சொல்கிறாளா என்று சித்ராதேவிக்குக் கடைசி வரை தெரியவில்லை.

வரவு குறைந்ததால் தவணை இடித்தது. எட்டு மாசம் இழுத்துப் பார்த்துவிட்டு விற்க முடிவு செய்தாள். ஒரே ஒரு ஆள்தான் வந்தான். பனியன் கம்பெனிக்காரன், இடித்துவிட்டு குடோன் கட்டப் போகிறவன். பத்திரத்துக்கு முன்னால் எல்லா வீடும் காலியாக இருக்க வேண்டும் என்றான்.

“அதை நான் சொல்லிக்கறனுங்க்கா, நீங்க எதுக்கு மெனக்கெட்டு?” என்றான் சதீஷ்குமார்.

வேண்டாம் என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, ஆறு வீட்டுக்கும் அவளே போன் செய்து காலி பண்ணச் சொன்னாள். ஐந்து பேர் திட்டினார்கள், கெஞ்சினார்கள், ஒருவர் அழுதார். மயிலாள் மட்டும் எதுவும் கேட்கவில்லை.

“சரிங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.