தொட்டியில் மிதந்த பந்து

தொண்ணூறுகளில் எங்கள் கோவை வீதிக்குச் சிறுவாணித் தண்ணீர் தினமும் வராது. ஒருநாள் அது வந்த சந்தோஷத்தில் வாசலில் இருந்த நிலத்தடித் தொட்டியைத் திறந்து, தண்ணீர் விழுவதை எட்டிப் பார்த்தேன். மூடாமலே அடுப்பை அணைக்க உள்ளே போனேன். திரும்பினால் நான்கு வயது மகளைக் காணோம். தொட்டிக்குள் அவள் பந்து மிதந்தது. அலறியபடி உள்ளே இறங்கப் போனேன்.

"ஏனுங்க அம்மணி, எறங்காதீங்க! புள்ள இங்க இருக்குதுங்க!"

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண். நான் பேசியதுகூட இல்லை. அவள் இடுப்பில் என் மகள்.

"பந்தெடுக்கக் குனிஞ்சுதுங்க. ஓடியாந்து புடிச்சுப்போட்டனுங்க."

மகளை வாங்கி அணைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தொட்டி நிரம்பி, காத்திருந்து வந்த தண்ணீர் வீதியில் ஓடியது. நான் எழவில்லை.

இன்றும் எங்கள் வீதியில் "தண்ணி வந்துருச்சுங்க" என்பதோடு யாரும் நிறுத்துவதில்லை. "மூடியப் பாத்துக்கங்க" என்று சேர்த்துத்தான் கூப்பிடுகிறோம்.